நான் வெட்டச் சொன்ன சிறுமி

எட்டு நொடி இருக்கும். அதற்கு மேல் அந்தப் புகைப்படத்தை நான் பார்க்கவில்லை. கைப்பேசியில் வந்தது, உள்ளங்கை அகலத் திரை, அதுவும் வேறொரு வேலைக்கு நடுவில். அனுப்பியவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். "நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்லுங்கள் அக்கா. நல்லதை மட்டும் சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருந்தார். நேரம் கிடைக்கும்போது என்றுதான் கேட்டிருந்தார். நான் உடனே சொன்னேன். கேட்டவரைக் காக்க வைக்கக் கூடாது என்று நினைத்தேனா, சட்டென்று சொன்னால்தான் விஷயம் தெரிந்தவளாகத் தெரிவேன் என்று நினைத்தேனா என்று இப்போது யோசித்தால், இரண்டாவதுதான் காரணம் என்று படுகிறது.

படம் இதுதான். கறுப்பு வெள்ளை. சாயும் வெயிலில் ஒரு நீண்ட சுவர். சுவரோரமாக ஒருவர் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி ஒன்றை அணைத்துத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். கண்ணாடி அவர் உடம்பை மறைத்துவிட்டதால் தலையும், விளிம்பைப் பற்றியிருக்கும் எட்டு விரல்களும், முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் மட்டும் தெரிகின்றன. கண்ணாடிக்கே கால் முளைத்ததுபோல ஒரு தோற்றம். கண்ணாடிக்குள் பிம்பம் எதுவும் இல்லை, முழு வெள்ளை. இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெறும் சுவர். வலது ஓரத்தில், தெருவின் இந்தப் பக்கத்தில், ஒரு சிறுமி. உடம்பில் பாதி சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. ஒரு கை முகத்துக்கு முன்னால் உயர்ந்திருக்கிறது.

நான் எழுதிய பதிலை அப்படியே தருகிறேன், அழிக்காமல் வைத்திருக்கிறேன். "வலது ஓரத்தில் பாதி ஆள் நிற்பது கவனத்தைச் சிதறடிக்கிறது, வெட்டிவிடுங்கள். கண்ணாடி அளவுக்கு மீறி வெளுத்துவிட்டது, விவரமே இல்லை, அதை இறக்குங்கள். மொத்தத்தில் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் கூடினால் நன்றாக இருக்கும். மற்றபடி அருமை." கான்ட்ராஸ்ட் என்பது வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள இடைவெளி. இந்த 'மற்றபடி அருமை' கடிதத்தின் அடியில் போடும் 'இப்படிக்கு' போன்றது. அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது.

அன்றிரவே திருத்திய படம் வந்தது. "நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன் அக்கா." பார்த்தேன். சிறுமி இல்லை. கண்ணாடி இறங்கியிருந்தது. சுவர் கறுத்திருந்தது. "இப்போது சுத்தமாக இருக்கிறது" என்று எழுதினேன். சுத்தம் என்ற சொல் எனக்கே கொஞ்சம் உறுத்தியது, ஆனால் உறுத்தியதற்குக் காரணம் தேடவில்லை.

மூன்று வாரம் கழித்து இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்பினார். "இரண்டாவதுதான் சரி என்று தெரிகிறது. ஆனால் அதைப் பார்க்கவே தோன்றவில்லை. என்ன போய்விட்டது என்று சொல்ல முடியுமா?" இந்தக் கேள்விதான் இத்தனை மாதமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சொன்ன யோசனையை ஒருவர் மறுத்திருந்தால் மறந்திருப்பேன். மறுக்காமல், ஒரு வரி விடாமல் செய்துவிட்டு, அதன் விளைவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

சாம்பல் பூசிய கண்ணாடி

இந்த முறை பெரிய திரையில் திறந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலில் கண்ணில் பட்டது கண்ணாடி. வெளுத்துப்போன இடத்தை இறக்கச் சொன்னேன் அல்லவா, இறக்கியிருந்தார். ஆனால் டிஜிட்டல் படத்தில் முற்றிலும் வெளுத்துவிட்ட இடத்தில் மீட்டெடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. கேமராவில் ஒளியைப் பதியும் சென்சார் அந்த இடத்தில் நிரம்பி வழிந்துவிட்டது. அங்கே பதிவாகாத விவரத்தை எந்த மென்பொருளாலும் வரவழைக்க முடியாது. ரா கோப்பில், அதாவது கேமரா பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் கோப்பில், சில சமயம் கொஞ்சம் மிச்சம் இருக்கும், இதில் அதுவும் இல்லை. ஆகவே வெள்ளையை இறக்கினால் கிடைப்பது விவரம் அன்று, தட்டையான சாம்பல். கண்ணாடி இப்போது சிமெண்ட் பலகை போல இருந்தது. அந்த மனிதர் சிமெண்ட் பலகையைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தார். வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போனவரிடமிருந்து அந்த வெளிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. வெளுத்த இடம் என்று கண்டால் 'இறக்கு' என்று வாய் தானாகச் சொல்லப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு அந்தச் சிறுமி. முதல் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். அவள் நிற்கும் இடம் நிழல். எதிர்ச் சுவரில் விழும் வெயில் தெருவின் இந்தப் பக்கத்துக்கு வரவில்லை. அவள் காலடியிலும் பின்னாலும் ஒரே மங்கல். நிழலில் நிற்கும் பெண் எதற்காகக் கண்ணைக் கையால் மறைக்கிறாள்? இன்னும் பெரிதாக்கினேன். நெற்றியிலும் உள்ளங்கையிலும் சாய்ந்த நான்கு பக்க வடிவத்தில் வெளிச்சம் விழுந்திருந்தது. விரல்களின் நிழல் அவள் கண்களின் மேல் கோடு கோடாகக் கிடந்தது. சுற்றிலும் எங்கும் இல்லாத வெளிச்சம். கண்ணாடியிலிருந்து வந்தது. கேமராவுக்குக் கண்ணாடி காட்டியது வானத்தின் வெண்மையை. அதே கண்ணாடி, வேறு கோணத்தில், சூரியனைத் தூக்கித் தெருவைத் தாண்டி அவள் முகத்தில் போட்டிருக்கிறது. அவர் நடக்க நடக்க அந்த வெளிச்சத் துண்டும் நகர்ந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் அது நின்ற நேரம் ஒரு நொடிகூட இருக்காது. படத்தில் நடக்கிற ஒரே சம்பவம் அதுதான். இடப்பக்கத்து வெறும் சுவர், நடுவில் கண்ணாடி, வலது ஓரத்தில் சுருங்கிய முகம் என்று மூன்றும் ஒரே கோட்டில் கோத்திருந்தன. நான் கோட்டின் இரண்டு முனைகளையும் அணைத்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்றிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் எழுதத் தோன்றவில்லை. தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, எதைப் பார்த்து அழுத்தினீர்கள்?"

"கண்ணாடியைத்தான் அக்கா. சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் இருக்கிறது பாருங்கள், அதைத் தாண்டி அவர் வரட்டும் என்று காத்திருந்தேன்."

"அந்தச் சிறுமி?"

"அவள் அங்கே நின்றதே எனக்குத் தெரியாது. பிறகு பார்த்தபோது, அடடா, ஓரத்தில் வந்து கெடுத்துவிட்டாளே என்றுதான் நினைத்தேன். நீங்களும் வெட்டச் சொன்னீர்கள். சரியாகத்தான் நினைத்திருக்கிறோம் என்று இருந்தது."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் அந்தச் சிறுமிக்காகக் காத்திருந்து எடுத்தார், நான் அலட்சியமாக வெட்டச் சொல்லிவிட்டேன் என்றுதான் அழைக்கும்போது நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அப்படி இருந்திருந்தால் இந்தக் கட்டுரை சுலபம்: 'கருத்துச் சொல்வதற்கு முன் எடுத்தவரின் நோக்கத்தைக் கேளுங்கள்' என்று முடித்துவிடலாம். எல்லோரும் சொல்கிற அறிவுரையும் அதுதான். இங்கே நோக்கத்தை முதலிலேயே கேட்டிருந்தாலும் சிறுமி போயிருப்பாள். எடுத்தவரும் பார்த்தவளும் கைகோத்து வெட்டியிருப்போம். ஓவியர் வைத்ததுதான் ஓவியத்தில் இருக்கும். தெருவில் எடுத்த படத்தில், எடுத்தவர் அறியாதது பாதிக்கு மேல் இருக்கும். நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நொடியில் ஒரு தெருவே உள்ளே வந்துவிடுகிறது, அத்தனையையும் யார் பார்த்துக்கொண்டு அழுத்த முடியும்? எனவே எடுத்தவரை நீதிபதி ஆக்குவதும் பிழை, என்னை ஆக்கிக்கொள்வதும் பிழை. நாங்கள் இருவருமே அந்தப் படத்துக்குப் பார்வையாளர்கள். அவருக்கு நினைவு அதிகம், எனக்கு அந்த நினைவின் இடையூறு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நினைவு இடையூறுதானா என்று கேட்கலாம். தெருப்படங்களுக்குப் பேர்போன அமெரிக்கர் கேரி வினோகிராண்ட், தான் எடுத்த ஃபிலிம் சுருள்களை உடனே கழுவமாட்டார். ஓராண்டு, அதற்கு மேலும் கிடப்பில் போட்டுவைப்பார். எடுத்த அன்றைய மனநிலை படத்தின் தரத்தோடு கலந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். 1984-ல் அவர் இறந்தபோது கழுவப்படாத சுருள்களே ஏறத்தாழ 2,500 மிஞ்சின என்பது வேறு கதை, அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஆனால் தம்பியோடு பேசிய பிறகு, படம் வந்தால் நான் முதலில் கேட்பது 'எப்போது எடுத்தது?' என்றுதான். நேற்று எடுத்தது என்றால் அவர்கள் கேட்பது பெரும்பாலும் கருத்தாக இருக்காது. கூட இருந்து கொஞ்சம் சந்தோஷப்படச் சொல்கிறார்கள். அதில் தவறில்லை. சந்தோஷப்பட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி அனுப்பச் சொல்கிறேன்.

கண் போன வழி

அந்தத் தொலைபேசிப் பேச்சுக்குப் பிறகு என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். முறை என்று பெயர் வைக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. படத்தைப் பார்க்கும்போது என் கண் எங்கே போனது, அடுத்து எங்கே, எங்கே சிக்கியது, எந்த வழியாக வெளியே வந்தது என்பதை மட்டும் முதலில் எழுதுகிறேன். அந்தக் கண்ணாடிப் படத்துக்கு இப்படி எழுதியிருப்பேன்: "முதலில் வெள்ளை. பிறகு விரல்கள், அவற்றை எண்ணினேன். பிறகு கால்கள். அங்கிருந்து வலப்பக்கம் போகப் பார்த்தேன், ஒரு கை குறுக்கிட்டது. அது யாருடையது என்று தெரியவில்லை. இடப்பக்கம் நான் போகவே இல்லை." இதில் ஒரு தீர்ப்புகூட இல்லை. எடுத்தவர் இதை மறுக்கவும் முடியாது, ஏனென்றால் என் கண் போன வழி என்னுடையது. ஆனால் 'ஒரு கை குறுக்கிட்டது' என்று எழுதியிருந்தால், அது எழுதும்போதே என்னைத் திரும்பப் பார்க்க வைத்திருக்கும். 'கவனத்தைச் சிதறடிக்கிறது' என்ற சொல் அப்படிப் பார்க்க விடாது. கதவைச் சாத்திவிட்டுப் போய்விடும். கவனம் ஓரிடத்துக்குப் போகிறது என்பதுதான் நான் கண்டது; சிதறுகிறது என்பது நான் சேர்த்தது.

கண்டதையும் சேர்த்ததையும் பிரிக்கத் தெரியாதவர்கள் நானும் என் போன்றவர்களும் மட்டும் அல்லர். புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்' 1958-ல் பாரிஸிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் வந்தது. சுமார் 28,000 படங்கள் எடுத்து அவற்றில் 83-ஐத் தேர்ந்த தொகுப்பு அது. அதைப் பற்றிப் 'பாப்புலர் போட்டோகிராபி' இதழில் வந்த வசை இன்றைக்கும் பேசப்படுகிறது: பொருளற்ற மங்கல், துகள் துகளான பரப்பு, கலங்கிய எக்ஸ்போஷர் (படத்தில் பதிந்த ஒளியின் அளவு), போதையில் சாய்ந்த தொடுவானம் என்று பட்டியல் போனது. எனக்கு அதில் பிடித்த விஷயம், அந்தப் பட்டியலில் பொய் ஒன்றும் இல்லை என்பது. மங்கல் இருக்கிறது. துகள் இருக்கிறது. தொடுவானம் சாய்ந்துதான் இருக்கிறது. எழுதியவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தப்புக்குறி போட்டிருக்கிறார். அந்தக் குறிகளை எடுத்துவிட்டுப் படித்தால் அதே பட்டியல் ஃபிராங்கின் பாணிக்கு நல்ல வருணனை.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் கலைஞர்களுக்குக் கருத்துச் சொல்வதற்கென்றே ஒரு முறை வகுத்திருக்கிறார். பார்த்தவர்கள் தங்களுக்கு எது பொருட்பட்டது என்று முதலில் சொல்ல வேண்டும். அடுத்துக் கலைஞர் கேள்வி கேட்பார். அதற்கும் அடுத்துப் பார்த்தவர்கள், உள்ளே கருத்து ஒளிந்திராத கேள்விகளைக் கேட்கலாம். கடைசியில்தான், 'எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, கேட்க விருப்பமா?' என்று அனுமதி வாங்கிக்கொண்டு கருத்து. நண்பர்கள் நாலு பேர் கூடி ஒருநாள் அப்படியே செய்து பார்த்தோம். அனுமதி கேட்கும் கட்டம் வந்தபோது எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேலைக்கு விண்ணப்பம் போடுவதுபோல இருந்தது. மூன்றாவது கட்டத்தை மட்டும் நான் விடவில்லை. 'ஏன் இதைக் கறுப்பு வெள்ளை ஆக்கினீர்கள்?' என்பது பார்ப்பதற்குக் கேள்வி, உள்ளே குற்றச்சாட்டு. 'வண்ணத்தில் இருந்தபோது இதில் என்ன நிறங்கள் இருந்தன?' என்பது நிஜமான கேள்வி.

அந்தக் கேள்வியைத் தம்பியிடமும் கேட்டேன். வண்ணப் பிரதியை அனுப்பினார். கண்ணாடி மனிதருக்குப் பின்னால், சுவரில் ஒரு பச்சைக் கதவு. அதன் மேல் ஏதோ பெரிய சிவப்பு எழுத்துகள். வண்ணத்தில் அந்த எழுத்துகளைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை. கறுப்பு வெள்ளையில் அவை இருந்த இடமே தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ ஒரே ஒளிர்வில் இருந்தால் இரண்டும் ஒரே சாம்பலாகிக் கலந்துவிடும். ஃபிலிம் காலத்தில் இதைப் பிரிக்க லென்ஸின் முன்னால் வண்ண வடிகட்டி மாட்டுவார்கள். சிவப்பு வடிகட்டி போட்டால் சிவப்பு எழுத்து வெளுக்கும், பச்சைக் கதவு கறுக்கும், நீல வானம் இருண்டுபோகும். இன்று மென்பொருளில் நிறம் நிறமாக ஏற்றி இறக்கலாம். இங்கே பிரிக்காமல் விட்டதுதான் படத்தைக் காப்பாற்றியிருக்கிறது. கதவும் எழுத்தும் ஒன்றாகிச் சுவரோடு சுவராகப் போனதால்தான் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. ஒரு படம் கறுப்பு வெள்ளையாக இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. கறுப்பு வெள்ளையாக்கினால் எதுவும் கலை போலத் தெரியும் என்பது மிக மோசமான காரணம். இரண்டு காரணமும் அனுப்பப்படும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால் வண்ணப் பிரதியைக் கேட்காமல் இதைப் பற்றிப் பேசவே கூடாது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கான்ட்ராஸ்ட் கூட்டச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். புகைப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறையில் முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை 11 படிகள். நடுப்படி, 18 சதவீத ஒளியைத் திருப்பும் சாம்பல். நல்ல படத்தில் 11 படியும் இருக்க வேண்டும் என்று எங்கோ யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், நாமும் படத்துக்குப் படம் படி எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சிறுமி நின்ற நிழல் முழுக்க அடர் சாம்பல். கான்ட்ராஸ்ட் ஏற்றியதும் அது கறுப்பாகி அடைத்துக்கொண்டது. அவளை வெட்டாமல் விட்டிருந்தாலும் அந்தக் கறுப்பில் அவள் தோள் கரைந்து, கை மட்டும் தனியாக மிதந்திருக்கும். இத்தனைக்கும் என் கைப்பேசித் திரையின் வெளிச்சம் அன்று பாதியில் இருந்தது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. மங்கலாகத் தெரிந்தது என் திரை. வைத்தியம் பார்த்தது அவர் படத்துக்கு.

போன நொடி

ஸ்டுடியோவில் எடுத்த படத்துக்கும் தெருப்படத்துக்கும் கருத்துச் சொல்வதில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் 'விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி எடுங்கள்' எனலாம். தெருப்படத்தில் மறுபடி என்பதே கிடையாது. ஆனால் தெருப்படத்துக்கு வரும் கருத்துகளில் பெரும்பகுதி, நின்றுபோன அந்த நொடிக்குத் திரும்பிப் போகச் சொல்பவை. 'இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருக்கலாம்.' 'அவர் முகம் திரும்பியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.' முதலாவதிலாவது அடுத்த முறைக்கு ஏதோ இருக்கிறது. அடுத்த முறைக்கு என்று சேர்த்துச் சொன்னால் போதும், கேட்பவர் இந்தப் படத்துக்காகக் குற்ற உணர்வு கொள்ளமாட்டார். இரண்டாவதால் என்ன பயன்? அந்த மனிதர் முகத்தைத் திருப்பவில்லை. வேறொரு படத்தைக் கற்பனை செய்துகொண்டு, அதாக இல்லையே என்று கையில் இருக்கும் படத்தைக் கோபித்துக்கொள்கிறோம்.

கையில் இருப்பதில் மாற்ற முடிகிறவை சொற்பம்: எங்கே வெட்டுவது, எதை ஏற்றுவது, எதை இறக்குவது. இவற்றைவிடப் பெரிய விஷயம், இதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஃபிலிம் காலத்துக் காண்டாக்ட் ஷீட்டில் ஒரு சுருளின் 36 படங்களும் ஒரே தாளில் இருக்கும். எதை விட்டு எதை எடுத்தார்கள் என்பது சிவப்புப் பென்சில் குறியோடு தெரியும். தம்பியிடம் கேட்டேன், அந்தக் கண்ணாடி மனிதரை ஆறு முறை எடுத்திருந்தார். ஐந்தில் சிறுமி இல்லை, சட்டகம் ஒழுங்கு, கண்ணாடிக்குள் மேகம்கூடத் தெரிகிறது. ஆறையும் வரிசையாகப் பார்த்தபோதுதான் அவருக்கே விளங்கியது, தான் ஏன் கெட்டுப்போன அந்த ஒன்றைத் தேர்ந்து எனக்கு அனுப்பினோம் என்று. கெடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே அவள் இருக்கும் படத்தைத்தான் தேர்ந்திருக்கிறார். வாய் சொன்னதைவிட விரல் தேர்ந்தது சரி.

வெட்டுவதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. எடுத்தது எடுத்ததுதான், விளிம்பைத் தொடக் கூடாது என்பது ஒன்று, தேவைப்பட்டால் வெட்டலாம் என்பது மற்றது. முதல் கட்சிக்காரர்கள் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே பிரெஸோனை இழுப்பார்கள். ஆனால் 1932-ல் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிய நீரைத் தாண்டி ஒருவர் குதிக்கிறாரே, அவருடைய மிகப் புகழ்பெற்ற அந்தப் படம் வெட்டப்பட்ட படம். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தில் ஒரு பலகை இருட்டாக விழுந்துவிட்டது. வழக்கத்தை மீறி வெட்டினார். அந்தப் பலகைக்கும் நம் சிறுமிக்கும் என்ன வேறுபாடு என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்து பார்க்கத்தான் வேண்டும். நான் இப்போது அட்டையில் 'ட' வடிவத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி வைத்திருக்கிறேன். படத்தை அச்செடுத்து மேசையில் போட்டு, இரண்டு அட்டைகளையும் எதிரெதிர் மூலைகளில் வைத்து மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டே வர வேண்டும். வலது விளிம்பு சிறுமியின் முழங்கையைத் தொடும்வரை ஒன்றும் ஆகாது. மணிக்கட்டைத் தாண்டினால் மனிதரின் நடை நின்றுவிடுகிறது. ஏன் என்று தெரியவில்லை, ஆனால் நிற்கிறது; அவர் போக இடமில்லாமல் விளிம்பில் முட்டிக்கொள்கிறார். அட்டையை வெளியே இழுத்தால் மறுபடி நடக்கிறார். இதை அவர் எதிரில் உட்கார்ந்து ஒருமுறை செய்து காட்டினேன். அரை மணி நேரம் இருவரும் பேசிய சொற்கள் ஐம்பது இருக்காது. 'இங்கே', 'இல்லை, இன்னும் கொஞ்சம்', 'இப்போது போய்விட்டது'. நான் கொடுத்த கருத்துகளிலேயே பயன்பட்டது அதுவாகத்தான் இருக்கும்.

தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பதும் உதவுகிறது. மனிதரும் கண்ணாடியும் மறைந்து வெள்ளைப் பட்டையும் கறுப்புப் பட்டையும் மட்டும் தெரியும். பார்க்கிறவர்கள் நம்மை ஒருமாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

சொல்லாமல் விட்டது

இன்னொருவர் அனுப்பிய படம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் செய்தது இதைவிட மோசம். படிக்கட்டில் ஒருவர் படுத்துத் தூங்குகிறார். வாய் திறந்திருக்கிறது. ஒரு கால் செருப்பு நழுவியிருக்கிறது. படிகளின் கோடுகள் அழகாக அடுக்கடுக்காக இறங்குகின்றன. நான் கோடுகளைப் பற்றியே இரண்டு பத்தி எழுதினேன். நிழலின் ஆழம், துகளின் தன்மை எல்லாம் எழுதினேன். படத்தைத் திறந்ததும் எனக்குள் எழுந்த முதல் எண்ணம் 'இவர் விழித்திருந்தால் எடுக்கவிட்டிருப்பாரா?' என்பது. அதை மட்டும் எழுதவில்லை. கேட்டால் ஒழுக்கப் பாடம் நடத்துவதுபோல ஆகிவிடும் என்று தயங்கினேன். கறுப்பு வெள்ளைக்கு இந்தச் சௌகரியம் உண்டு. வறுமையையும் களைப்பையும் சட்டென்று பழையதாக்கி, யாருடையதும் இல்லாததாக்கி, கோடும் நிழலுமாக மாற்றிக் கொடுத்துவிடும். பார்ப்பவரும் கோட்டையும் நிழலையும் பேசித் தப்பித்துக்கொள்ளலாம். கண் போன வழியைத்தான் எழுத வேண்டும் என்றால், என் கண் முதலில் அந்தத் திறந்த வாய்க்குப் போய் அங்கிருந்து விலகிக்கொண்டது என்றுதான் எழுதியிருக்க வேண்டும். அவ்வளவு எழுதியிருந்தால்கூடப் போதும். மீதியை எடுத்தவர் யோசித்துக்கொண்டிருப்பார். அந்தப் படம் பிறகு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.

கண்ணாடிப் படத்தைத் தம்பி இப்போது அச்செடுத்துவிட்டார். சிறுமி இருக்கிறாள், பாதியாகவே. கண்ணாடி வெள்ளையாகவே இருக்கிறது. அச்சில் அது மை படாத வெறும் காகிதம், விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் மழமழப்பு வேறாக இருக்கிறது. சிறுமிக்குப் பின்னால் உள்ள நிழலை ஒரு பொடி அளவு இறக்கியிருக்கிறார், அவள் நெற்றி வெளிச்சம் எடுப்பாகத் தெரியட்டும் என்று. அது அவர் யோசனை, நான் சொன்னதில்லை. ஒரு பிரதி எனக்கும் கொடுத்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. இடப்பக்கத்து வெறும் சுவர் அவ்வளவு தேவையில்லை என்று நான் நினைக்கிறேன். அவர் அது இருந்தே ஆக வேண்டும் என்கிறார். "இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் அக்கா, அந்தத் தூரம் தெரிய வேண்டாமா?" நேற்றும் அட்டையை எடுத்து, விரிசல் வரைக்கும் தள்ளிப் பார்த்தேன். பிறகு வெளியே இழுத்தேன். மறுபடி தள்ளினேன். அட்டை இன்னும் மேசையில் அப்படியே கிடக்கிறது, விரிசலுக்கு ஒரு விரல் இடப்பக்கமாக.